வளவு பெஞ்சு

டெலிபோன் மணி அடித்தபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். வியாழக்கிழமை. எதிர் மேஜையில் முதலாளி மோர் குடித்துக்கொண்டிருந்தார். நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வழக்கம்போலக் கண்ணை மூடினேன். லைனில் கடலை வறுக்கிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சரோஜாங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"நான் சின்னராசு பேசறனுங்க."

சின்னராசு தச்சு வேலைக்காரர். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருந்தார். அதுநாள்வரை அவர் டெலிபோனைக் கையால் தொட்டதில்லை. பேசுகிற முனை எது, கேட்கிற முனை எது என்று பக்கத்தில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். குரல் கிட்டே வந்தது, தூரப் போனது. அவர் ஒரே ஒரு வரி கேட்டார்.

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு, "எத்தனை அடிங்க?" என்றேன்.

நான் பென்சில் முனையை நோட்டில் வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன்.

"அளவு சொன்னீங்கன்னா எழுதிக்குவனுங்க."

"இல்லீங்க. ஒண்ணுமில்லீங்க. வெச்சர்றனுங்க."

வைத்துவிட்டார். நான் நோட்டில் 'வளைவு, சின்னராசு, அளவு பிறகு' என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் மட்டும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

என் ஆயுசில் எத்தனையோ அசட்டுக் கேள்விகள் கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டவள் நான். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. இந்த ஒரு கேள்விக்குத்தான் இன்னமும் வயிறு எரிகிறது. அவர் அன்றைக்கு என்னிடம் என்ன கேட்டார் என்பது பதினோரு வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு பெஞ்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரில் போன வாரம் டைப்ரைட்டிங் பரீட்சை, இந்த வாரம் மரப் பெஞ்சா என்று முகம் சுளிப்பவர்கள் பத்திரிகையில் இரண்டு பக்கம் தள்ளிப் போங்கள். அங்கே கோலம் போட்டிருக்கிறார்கள்.

போன் அம்மிணி

எடப்பாடிப் பக்கம் தோட்டம் காடு பார்க்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா போன பிறகு தோட்டத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார், அம்மா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இருபத்தி நாலு வயசு. ஜாதகத்தில் செவ்வாய் உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. வருகிற மாப்பிள்ளை வீட்டார் காபியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்பறமுங்க" என்று போய்விடுவார்கள். அந்தக் காபித் தம்ளர்களைக் கழுவிக் கழுவி எனக்கு வெறுத்துப் போயிருந்தது.

அப்போதுதான் நாமக்கல்லில் ஒரு லாரி கம்பெனி ஆபீசில் டெலிபோன் எடுக்கும் வேலை கிடைத்தது. எழுபதுகளின் நடுவில் இருக்கும். எல்லாரும் என்னைப் போன் அம்மிணி என்றார்கள்.

எங்கள் லாரிகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகும். போனால் வர இருபது நாள், ஒரு மாதம். டிரைவர்கள் லோடு இறக்கிய ஊரிலிருந்து ஆபீசுக்கு டிரங்க் கால் போடுவார்கள். என்றைக்குப் போடுவார்கள் என்று உத்தேசமாக முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு வீட்டுப் பெண்கள் மோகனூரிலிருந்தும் புதுச்சத்திரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து காத்திருப்பார்கள்.

ஒரு காலுக்கு மூன்று நிமிஷம். பத்து நாளாகப் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார்கள். ரிசீவரைக் கையில் கொடுத்ததும், "சாப்புட்டீங்களா?" என்பார்கள். அந்தப் பக்கம், "சாப்புட்டேன், நீ சாப்புட்டயா?" "சாப்புட்டனுங்க. மாடு கன்னு போட்டிருச்சுங்க." "என்ன கன்னு?" "கெடாரிங்க." மூன்று நிமிஷம் முடிந்துவிடும். ரிசீவரை வைத்த பிறகுதான் சொல்ல வந்தது ஞாபகம் வந்து கண் கலங்குவார்கள். எனக்கு ஆத்திரமாக வரும். பெண் கன்றான கெடாரிக்கு என்ன அவசரம், அது ஒரு மாதம் கழித்தும் கெடாரியாகத்தான் இருக்கும்.

பழைய ஆபீசில் அவர்கள் உட்கார இடம் கிடையாது. குடோன் சுவரை ஒட்டி ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்பார்கள். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன பேச்சு வரும்? மணிக்கணக்காக வாய் திறக்காமல் நிற்பார்கள்.

நான் எழுதிய சீட்டு

முதலாளி சேலம் ரோட்டில் புதுக் கட்டடம் கட்டினார். மெட்ராசிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்து போனார். கீழே பெரிய ஹால். அதன் ஒரு மூலையைச் சதுரமாக விடாமல் பானை மாதிரி உருட்டிக் கட்டியிருந்தார். அந்த மூலையில் சுவரோடு சுவராக மரப் பெஞ்சு ஒன்று வளைந்து போக வேண்டும், சிலை மாதிரி கையால் செதுக்கியதாக இருக்க வேண்டும், உள்ளே வருகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. இந்த ஆசையை அவர் நேரில் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. டிரங்க் காலில் சொன்னார்.

"ஹாலுக்கு வளவா ஒரு பெஞ்ச். இருபது அடி. ஏழு பேர் உக்காரணும். கையால செதுக்கினதா இருக்கணும். எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டேன். 'ஹாலுக்கு வளவு பெஞ்சு ஒன்று. இருபது அடி. ஏழு பேருக்கு. கைச்செதுக்கு.'

வளைவு என்று எழுத்தில் இருப்பதை வாயால் சொல்லும்போது எல்லாரும் 'ளை'யை விழுங்கி 'வளவு' என்றுதான் சொல்கிறோம். ஆனால் எங்கள் பக்கம் வளவு என்று வேறொரு சொல் இருக்கிறது. ஒரு வாசலைச் சுற்றி, ஒன்றையொன்று பார்த்தபடி நெருக்கி நிற்கும் நாலைந்து வீடுகளுக்கு வளவு என்று பெயர். அங்கே ஒரு வீட்டில் தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். எனக்குத் தெரிந்த வளவு அதுதான். ஆபீசுக்குள் எதற்கு வளவு என்று ஒரு நொடி நினைத்தேன். மெட்ராஸ்காரர் ஏதோ புதுசாகச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். முப்பது வயசு இருக்கும். முழங்கை வரை மரத்தூள். அவர்தான் சின்னராசு. லாரிகளின் நெற்றியில் மயிலும் தாமரையும் செதுக்குகிற கை.

"வளவுன்னு எழுதியிருக்குதுங்க. நம்மூரு வளவு மாதிரிங்களா?"

"ஆமாங்க. அப்படித்தான் சொன்னாரு," என்றேன். அடித்துச் சொன்னேன். என் சுபாவம் அது.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "ஆருங்க அதுல உக்காருவாங்க?" என்று கேட்டார்.

பெஞ்சு செய்கிறவர் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று கேட்பார் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் யார் என்று கேட்டார். நான் சொன்னேன். கைக்குழந்தையோடு வருகிற பெண் இருக்கிறார், பால் கொடுக்க மறைவு இல்லாமல் தவிப்பார். முட்டி வலிக்காரர் ஒருவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. ஒருவர் போன் பேசி முடித்ததும் அழுவார். பெயரைக் கூப்பிட்டதும் விழுந்தடித்து ஓடி வந்து முந்தானையை எதிலாவது மாட்டிக்கொள்கிறவர் ஒருவர். ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

ஏழு முதுகு

இரண்டு மாதம் கழித்துப் பெஞ்சு லாரியில் வந்து இறங்கியது. ஆறு பேர் பிடித்து உள்ளே கொண்டுவந்து, ஹால் நடுவில் வைத்துத் துண்டு துண்டாகக் கோத்தார்கள். ஓர் ஆணி கிடையாது.

வாகை மரம். மோகனூர் ஆற்றங்கரையில் கோணல் மாணலாக வளர்ந்து, விறகுக்குக்கூட ஆகாது என்று விட்டுவைத்த மரத்தைத் தேடிப் பிடித்திருந்தார். "மரத்தை நாம வளைச்சா என்னைக்காச்சும் நிமிரப் பாக்குமுங்க. வளைஞ்சே வளந்த மரம்னா வம்பில்லீங்க," என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஒரு பக்கம் மூன்றடி வாசல் விட்டு, மற்றபடி வட்டமாகச் சுற்றி வந்தது பெஞ்சு. வெளிப்பக்கம் பூராவும் ஓடு வேய்ந்த மாதிரி வரி வரியாகச் செதுக்கல். உள்ளே ஏழு இடம், ஏழு முதுகு, ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒன்று இரண்டு பக்கமும் இறக்கை விரித்து உயர்ந்திருந்தது, அதற்குள் உட்கார்ந்து பால் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. ஒன்று மற்றவற்றைவிட அரையடி உயரமான இருக்கை, முட்டி வலிக்காரருக்கு. ஒன்றின் முதுகு ஒரு பக்கம் சரிந்து, தலை சாய்க்கிற தோள் மாதிரி மழமழவென்று உருண்டிருந்தது. வாசலை ஒட்டின கடைசி இடத்துக்குக் கைப்பிடியே இல்லை. கூப்பிட்டதும் ஓடுகிறவருடைய முந்தானை மாட்டக் கூடாது என்பதற்காக.

நான் வாயைத் திறந்து உளறியதை எல்லாம் ஒருவர் மரத்தில் செதுக்கிக் கொண்டுவந்து வைத்திருந்தார். என் பேச்சை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இன்ஜினியர் வந்தார், பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. "என்னங்க இது? கெணறா? மூலைல சுவரை ஒட்டி வளவா ஒரு பெஞ்ச் கேட்டேன். வளைவுன்னா என்னன்னு இந்த ஆளுக்குத் தெரியாதா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சீட்டு என் கையெழுத்து. அது சின்னராசுவின் சட்டைப் பையில் இருந்தது, ஓரம் வெளியே தெரிந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும். எடப்பாடி, காபித் தம்ளர்கள், சித்தப்பா.

சின்னராசு பையைக் கையால் மூடிக்கொண்டார். "நாந்தானுங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். படிப்பு கம்மிங்க," என்றார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் ஆசை வந்தது. வேறு வார்த்தை போட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் சைக்கிளை எடுக்கும்போது ஓடிப்போய், "எதுக்குங்க பொய் சொன்னீங்க?" என்றேன்.

"பெஞ்சு திரும்பி வந்தாப் பட்டறைல கெடக்குமுங்க. நீங்க திரும்பிப் போயிட்டா இந்தப் பொம்பளைங்களுக்கு ஆரு போன் எடுத்துக் குடுக்கறது?" என்றார். சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

முதலாளி லேசுப்பட்ட ஆளா? மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "சீட்டு நீ எழுதுனதுதான, அம்மிணி? அவன் பையைப் பொத்துனப்பவே தெரிஞ்சு போச்சு. போனது போகட்டும். இனிமேல் போன்ல எவன் வளவுன்னு சொன்னாலும் அது வளைவுதான். எத்தனை அடின்னு கேட்டு எழுது."

"சரிங்க," என்றேன். அதற்குப் பிறகு ஆபீசே என்னைக் கேலி செய்தது. கிளீனர்கள்கூட டீ கேட்கும்போது, "எத்தனை அடிங்க அம்மிணி?" என்பார்கள்.

போகாத பெஞ்சு

பெஞ்சைத் திங்கட்கிழமை எடுத்துப் போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. அந்தத் திங்கட்கிழமை பம்பாய் லைனில் மழை, மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நிற்கின்றன என்று சேதி வந்தது. இரண்டு நாளாக ஒரு காலும் இல்லை. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. காலை பத்து மணிக்கெல்லாம் ஏழெட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் பெஞ்சைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். பிறகு முட்டி வலிக்காரர் உள்ளே போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடம் சரியாக அவருடைய இடம். யாரும் சொல்லவில்லை. குழந்தைக்காரி இறக்கை வைத்த இடத்துக்குப் போனாள். அப்படியே ஒவ்வொருவராக. வட்டமாக உட்கார்ந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முடியாது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி, "உங்களது எந்த வண்டிங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். சாப்பாட்டுத் தூக்குப்போசிகள் திறந்தன. எலுமிச்சஞ்சாதம் சுற்றி வந்தது. என் மேஜைக்கும் ஒரு பிடி வந்தது.

முதலாளி பெஞ்சைத் தூக்க ஆட்களோடு வந்தவர் ஹால் வாசலிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும். நாளைக்குப் பாக்கலாம்," என்று ஆட்களை அனுப்பிவிட்டார்.

மூன்றரை மணிக்கு லைன் கிடைத்தது. எல்லா வண்டியும் பத்திரம். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை, பெஞ்சு அங்கேயே இருந்துவிட்டது. இன்ஜினியருடைய மனத்தாங்கல் தீர, மாடியில் முதலாளி அறைக்கு அவர் கேட்டபடி ஒரு வளைவு பெஞ்சு செய்யச் சொல்லி அதே சின்னராசுவிடம் கொடுத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை எண்ணெய்

புது மரம், ஒரு வருஷத்துக்கு எண்ணெய் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிச் சின்னராசு சனிக்கிழமைதோறும் வந்தார். பழைய வேட்டித் துணியை லின்சீட் எண்ணெயில் முக்கி ஒவ்வொரு முதுகாகத் தேய்ப்பார். அத்தனை எண்ணெய் எந்த மரத்துக்கும் தேவையில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வாசனை இப்போதும் எங்காவது பெயிண்ட் கடையைத் தாண்டும்போது வந்தால் நான் நடையை மெதுவாக்கிக்கொள்கிறேன்.

பேச்சு அதிகம் கிடையாது. ஒருநாள், "போன் பேசறப்ப எதுக்குங்க கண்ணை மூடிக்கறீங்க?" என்று கேட்டார்.

"அப்பத்தானுங்க நல்லாக் கேக்குது."

"அப்ப என்னையப் பாத்துப் பேசறப்ப எதுவும் கேக்கறதில்லீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் காது சிவந்து, மறுபடியும் தேய்க்கப் போய்விட்டார். இன்னொரு நாள் நான் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் என் ஆடுகிற ஸ்டூலுக்கு அடியில் வாகைத் துண்டு ஒன்று வைத்து நிறுத்தியிருந்தார். சொல்லவும் இல்லை. உட்கார்ந்த பிறகுதான் ஆட்டம் நின்றது தெரிந்தது.

அவருடைய சாதி வேறு, என்னுடைய சாதி வேறு. இதை எழுதாமல் விட்டால் நான் எழுதுகிறது பூராவும் பொய்யாகிவிடும். எங்கள் ஊரில் தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், போய்விடுவேன். பெண்ணாகப் பிறந்தவள் தானாகக் கேட்கக் கூடாது என்று யாரோ என் தலையில் ஏற்றியிருந்தார்கள், அதைத்தான் இறக்கத் தெரியவில்லை.

அப்போது பார்த்து அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. சேலம் சூரமங்கலத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, அவருக்கும் செவ்வாய், பொருத்தம் சரியாக இருக்கிறது, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள், சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்து சேர். அந்தக் கடிதத்தை வேண்டுமென்றே மேஜைமேல் விரித்து வைத்தேன். எண்ணெய்த் துணியோடு வந்தவர் அதைப் படித்தார். எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் போனார்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமைதான் போன் வந்தது.

எத்தனை அடி

இப்போது புரியும் உங்களுக்கு. அவர் பட்டறைப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்கிலிருந்து பேசினார். மாடிக்கான வளைவு பெஞ்சு பட்டறையில் பாதியில் கிடந்தது. எதிரே முதலாளி. இரைச்சலுக்குள்ளிருந்து என் காதில் விழுந்தது 'வளவு' ஒன்றுதான். வளவு என்று யார் சொன்னாலும் வளைவுதான், எத்தனை அடி என்று கேட்டு எழுது. பழக்கின மாடு மாதிரி கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காத்திருந்தேன். சனிக்கிழமை எண்ணெய்க்கு வருவார், அளவைச் சொல்வார், அப்போது நானே கேட்டுவிடுவேன் என்று நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். அவர் வரவில்லை. ஐந்து மணி பஸ்ஸை விட்டேன். ஆறு மணி பஸ்ஸையும் விட்டுவிட்டு, வாசலை ஒட்டின அந்தக் கைப்பிடி இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் ஓடலாம் என்று. யாரும் கூப்பிடவில்லை. ஏழு மணி பஸ்ஸில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "எங்களுக்குச் சம்மதமுங்க," என்றார்கள். நான் தலையை ஆட்டினேன்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இந்தத் தொடரை வாராவாரம் முதலில் படிக்கிறவர் அவர்தான், எழுத்துப் பிழைகூடச் சொல்வார். சின்னராசுவைப் பற்றி அவரிடம் கல்யாணமான மறுவருஷமே சொல்லிவிட்டேன். சொல்லாதது இனி வருகிற பகுதி மட்டும்தான்.

செல்லம்மாக்கா

எண்பதுகளில் ஒரு கல்யாணத்துக்காக நாமக்கல் போனேன். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கால் தானாகச் சேலம் ரோட்டுக்குப் போனது. ஹாலில் சுண்ணாம்பு நிறம் மாறியிருந்தது. என் மேஜையில் வேறு ஒரு பெண் இருந்தாள், அவளிடம் பெயரைச் சொல்லி, முன்பு இங்கே போன் எடுத்தவள் என்றேன். பெஞ்சு அதே இடத்தில் இருந்தது. ஏழு இடமும் உட்கார்ந்து உட்கார்ந்து கறுத்து மினுங்கின. நான் தோள் மாதிரி சரிந்த இடத்தில் போய் உட்கார்ந்து கையால் தடவிக்கொண்டிருந்தேன்.

"சரோஜாக்கா, காபி சொல்லட்டுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டதும், எனக்குப் பக்கத்தில், கடைசி இடத்தில் காத்திருந்த அம்மாள் சட்டென்று திரும்பினார்.

"நீங்க போன் அம்மிணி சரோஜாங்களா? நான் சின்னராசோட அக்காளுங்க. செல்லம்மா."

அவர் பெயரைக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. புருஷன் இல்லாதவர், தம்பியோடு இருந்தவர். சின்னராசு இப்போது ஹூப்ளியில் இருக்கிறாராம். என் கல்யாணமான மாதமே அங்கே பாடி கட்டும் பட்டறைக்குப் போய்விட்டாராம். அங்கேயே பெண் கட்டி, இரண்டு பிள்ளைகள். மாதம் ஒருமுறை இங்கே கால் போடுவார், இன்றைக்கும் அதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கக்கா."

"எங்க வளவு சின்னதுன்னு உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அன்னைக்குத் தம்பி பங்க்குல போயி உங்களுக்குப் போன் போட்டான். நான் வந்து கேக்கட்டுமாடான்னேன், நானே கேட்டுக்கறேன்னுட்டான். எங்க வளவுக்கு வாரீங்களான்னு கேட்டிருக்கறான். நீங்க எத்தனை அடின்னு கேட்டீங்களாமா."

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் ஒரு பெண்ணை எங்க வளவுக்கு வாரீங்களா என்று கேட்டால், அதற்கு ஒரே அர்த்தம்தான். மருமகளாக, பெண்டாட்டியாக, விளக்கேற்ற.

"வளவு முச்சூடும் சாணி தெளிச்சுக் கூட்டி வெச்சிருந்தமுங்க. நாலு ஊட்டுக்காரங்களும் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தோம். வந்தான். எதுவும் பேசல. உள்ள போயி டேப்ப எடுத்துக்கிட்டு வந்து, இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும் அளந்தான். முப்பத்தெட்டு அடி. 'முப்பத்தெட்டுதானக்கா இருக்குது'ன்னான். தோட்டம் காடுன்னு பொறந்த புள்ளைக்கு இது பத்தாதுன்னு நாங்களே பேசிக்கிட்டோம்."

"அக்கா, நான் வளைவுன்னு நெனச்சனுங்க."

"எந்த வளைவுங்க?"

"பெஞ்சு வளைவுங்க. மேல்மாடிக்குச் செஞ்சிக்கிட்டிருந்தாரே."

அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட சாமி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் அந்த மரத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அதற்காகத்தானே அவர் அந்த இடத்தை அப்படிச் செதுக்கியிருந்தார்.

மணி அடித்தது. "செல்லம்மாக்கா, ஹூப்ளி வந்திருச்சுங்க," என்றாள் அந்தப் பெண்.

செல்லம்மாக்கா எழுந்து ஓடினார். முந்தானை எதிலும் மாட்டவில்லை. "சாப்புட்டயா? புள்ளைங்க சாப்புட்டாங்களா?" என்றார். ஒரு நிமிஷம் போயிருக்கும். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏதாச்சும் சொல்லட்டுங்களா?"

பதினோரு வருஷமாகச் சொல்ல வேண்டியது இருந்தது. எனக்கும் கெடாரிக் கன்றுதான் வாயில் வந்தது.

"பெஞ்சு நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க."

"டேய், பெஞ்சு நல்லா இருக்குதாமா. ஆரா? போன் அம்மிணிடா. ஆமா, இங்கதான், பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க."

பிறகு அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் கடலை வறுக்கும் இரைச்சல் அங்கிருந்தே கேட்கிற மாதிரி இருந்தது. மறுபடியும் ரிசீவரைப் பொத்தினார்.

"அளவு சரியா இருக்குதுங்களான்னு கேக்கறான்."

"இருக்குதுன்னு சொல்லுங்கக்கா," என்றேன். "முப்பத்தெட்டு அடி தாராளமாப் போதும்னு சொல்லுங்க."

அவர் கையை எடுத்துவிட்டு, "டேய், முப்பத்தெட்டு அடி," என்று ஆரம்பித்தார். மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. லைன் போய்விட்டது.

செல்லம்மாக்கா ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முப்பத்தெட்டுங்கற வரைக்கும் போச்சுங்க," என்றார்.